பூட்டாத கதவுக்கு ஐயா சொன்ன பயன்

எங்கள் ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, அவர் நினைவாக அச்சிட்ட இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்கும் உறவினருக்கும் அயலவருக்கும், மகளாகிய நான் ஒன்றைத் தெளிவாக எழுத வேண்டியிருக்கிறது. ஐயா சைவராகவே பிறந்தார், சைவராகவே கண்மூடினார்.

வடமராட்சியில் பிறந்த ஐயா, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டி வயலாக்கினார். காய்ச்சலோடும் வரம்பு கட்டினார். அம்மா இறந்தபின் என்னை விடுதியில் விட்டுப் படிப்பித்தார். கோயிலில் புராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் பாட்டைப் படிக்க, ஐயா அதன் பொருளை விரித்துப் பயன் சொல்லுவார். தூணில் சாய்ந்திருந்தவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த ஐயாவுக்கு ஒரு கத்தோலிக்கச் சுவாமியார் எழுதிய கதைப் புத்தகங்களில் பெருவிருப்பம். அவற்றைக் கொண்டுவந்தவர் முல்லைத்தீவில் கடற்தொழில் செய்யும் சந்தியாப்பிள்ளையர். பரந்தன் வீதியில் பஸ் பழுதாகி நின்ற ஒரு பகலில் இருவரும் பழக்கமானார்களாம். அதன்பின் கருவாட்டுப் பையோடு ஒரு புத்தகமும் வரும். அவர் ஒரு பந்தி வாசிப்பார். ஐயா, புராணத்துக்குச் சொல்வதுபோலவே, பயன் சொல்லுவார்.

"உங்கடை சுவாமியார் தேவாரம் படிச்சிருக்கிறார் போலை," என்பார் ஐயா.

"நீங்கள்தான் அண்ணை களவாய் எங்கடை பூசை கண்டிருக்கிறியள்," என்பார் அவர்.

எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. என் இரண்டு வயது மகளும் அங்கேயே இருந்து கேட்பாள். அவர் போனதும் அவள் கழுத்தில் சிலுவை ஏதும் கிடக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். வெறும் கதைதானே என்று தேற்றிக்கொள்வேன். வெறும் கதைக்காக ஒருவர் இவ்வளவு தூரம் வருவாரா என்று உடனே தோன்றும்.

ஐயா படுக்கையில் விழுந்தபோது அவரின் தமக்கை, எங்கள் பெரிய மாமி, ஊரிலிருந்து வந்தார்.

"எடி பிள்ளை, சாகக் கிடக்கிறவரின்ரை தலையிலை ஒரு சிறங்கைத் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தால் காணும். வேதக்காரனாக்கிப் போடுவினம். அந்த மனிசனிலை கண் வைச்சிரு," என்றார்.

அன்று பின்னேரம் சந்தியாப்பிள்ளையர் வந்து வாசிக்கத் தொடங்கினார். தாயின் நகையைக் களவெடுத்து ஓடிப்போன மகனுக்காக, ஒரு கைம்பெண் இரவில் கதவைப் பூட்டாமல் படுக்கும் கதை. அயலவர் ஏசும்போது அவள் சொல்கிறாள்: "களவெடுக்கவாவது வரட்டும்."

நடுவில் அவர் நிறுத்தி, "பிள்ளை, கொஞ்சம் தண்ணி தாங்கோ," என்றார்.

செம்பைக் கொடுத்துவிட்டு நான் நகராமல் நின்றேன்.

"என்ன பிள்ளை, தண்ணிக்குக் காவலோ?" என்றார் ஐயா.

சந்தியாப்பிள்ளையர் ஒரு சொட்டும் மிச்சமின்றிக் குடித்துவிட்டு, செம்பைக் கவிழ்த்து என்னிடம் காட்டினார்.

பிறகு ஐயா மெல்லப் பயன் சொன்னார். "கதவைத் திறந்து வைக்கிறது பெரிசில்லை. திறந்து வைச்சிட்டு அவள் நித்திரை கொள்ளுறாளே, அதுதான் பெரிசு. நீ என்ன சொல்லுறாய் பிள்ளை?"

"அவன் திரும்பவும் களவெடுப்பான், ஐயா."

இருவரும் சிரித்தார்கள். களைப்பில் ஐயா கண்ணயர, கதை பாதியில் நின்றது. மறுநாள் விடிய அவர் மூச்சு அடங்கியது. நெற்றியில் நான் பூசிய திருநீறு இருந்தது.

செத்தவீட்டில், சைவக் கிரியையாக உரலில் பொற்சுண்ணம் இடிக்க உறவினர் சிலர் தயங்கினார்கள். "வேதத்திலை சேர்ந்தவருக்குப் பொற்சுண்ணம் இடிக்கலாமோ?" என்று மாமியே கேட்டார்.

"நான் பக்கத்திலைதான் நிண்டனான், மாமி. தண்ணி முழுக்க அந்த மனிசன்தான் குடிச்சவர்," என்றேன். அதன்பிறகே உலக்கையை எடுத்தார்கள். சந்தியாப்பிள்ளையர் அதுவரை படலைக்கு வெளியே நின்றார்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, பாதியில் நின்ற கதையை அவரிடம் கேட்டேன்: "அந்த மகன் வந்தவனோ?"

"வந்தவன், பிள்ளை."

"களவெடுத்தவனோ?"

"ஓம், எடுத்தவன். மற்ற நாளும் தாய் கதவைப் பூட்டேல்லை."

ஐயாவின் நோயில் துணைநின்ற வைத்தியருக்கும், கிரியைகள் செய்த குருக்களுக்கும், சமைத்தும் சுமந்தும் உதவிய அயலவருக்கும் எங்கள் நன்றி. சந்தியாப்பிள்ளையருக்கும் நன்றி. மிகுதிப் புத்தகங்களோடு அவர் வரலாம், படலையைப் பூட்டமாட்டேன். நித்திரை கொள்வேன் என்று மட்டும் என்னால் எழுத முடியவில்லை.