இருமிய கலைமான்

பள்ளிக்கூடத்தின் நிலவறையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டே கெனெக்கின் காலம் கழிந்தது. பியெஷ்சாடி மலைக்காடு அந்தப் பள்ளியின் பின்சுவரை ஒட்டியே தொடங்குகிறது. ஆனால் நிலவறை ஜன்னலில் தெரிந்ததெல்லாம் பிள்ளைகளின் காலணிகளும் கொஞ்சம் புல்லும்தான். காட்டுக்குள் போக அவருக்குப் பயம் என்று சொல்ல முடியாது. போகவில்லை, அவ்வளவுதான். முதலில் வேலை, பிறகு மனைவியின் நீண்ட நோய், அவள் போன பிறகு முழங்கால் வலி. காட்டில் நடப்பதையெல்லாம் பக்கத்து வீட்டு ஃபெலிக்ஸ் வந்து சொல்வார். அவர் மரம் வெட்டப் போனவர், காட்டிலேயே கிடந்தவர்.

மகள் பெயாத்தா ஷெஷுஃப் நகரத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் பிள்ளைகள் போனில் கேட்பார்கள்: "தாத்தா, இந்த வாரம் காட்டுல என்ன பாத்தே?" ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஃபெலிக்ஸ் ஓநாயைப் பார்த்த கதையை ஒருநாள் 'நான் பார்த்தேன்' என்று சொல்லிவிட்டார். போனின் மறுபக்கத்தில் பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். அதன் பிறகு ஃபெலிக்ஸ் கண்டதெல்லாம் கெனெக் கண்டதாகிவிட்டது.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, அன்று மாலையே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவதாகப் பெயாத்தா போனில் சொன்னாள். ஆண் மான்கள் துணை தேடி முக்காரம் போடும் காலம் அது. கெனெக் வேலியைத் தாண்டிப் போய் ஃபெலிக்ஸின் முன்னால் நின்றார்.

"நாளைக்குச் சாயங்காலம் ஆல்டர் மரத் தோப்புக்குள்ள இருந்து நீ ஒரு தடவ கத்தணும். மான் மாதிரி."

"எதுக்கு? நிஜ மானே கத்துமே. புல்வெளி ஓரமாப் போய் நின்னாப் போதும்."

"கத்தலேன்னா? நான் கூப்பிட்டா மான் பதில் சொல்லும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

ஃபெலிக்ஸ் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீ கூப்பிட்டாவா? அது என் கதைடா."

கெனெக் தரையைப் பார்த்தார். ஃபெலிக்ஸ் கையிலிருந்த சிகரெட்டை நசுக்கிவிட்டு, "பூவாளிய எடுத்துட்டு வரேன். தகரத்துக்குள்ள வாய வெச்சுக் கத்துனா சத்தம் நல்லா எடுக்கும்" என்றார்.

சனிக்கிழமை பகலெல்லாம் கெனெக் பிள்ளைகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார். மின்கம்பத்தின் மேல் நாரைகள் விட்டுப்போன கூடு, மரக்கட்டையால் கட்டிய பழைய தேவாலயம், காற்றில் மிதந்து வந்து முகத்தில் ஒட்டும் சிலந்தி இழைகள். ஆற்றோரச் சேற்றில் ஒரு காலடித் தடத்தைக் காட்டி, ஓநாய் என்றார். பத்து வயது மிலேனா குனிந்து பார்த்துவிட்டு, "பக்கத்துல செருப்புத் தடமும் இருக்கே தாத்தா" என்றாள். அவர் காதில் விழாததுபோல் நடந்தார்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் மூவரும் புல்வெளி ஓரத்தில் நின்றார்கள். கெனெக் கைகளைக் குவித்து நீளமாக ஒரு சத்தம் கொடுத்தார். தோப்புக்குள்ளிருந்து பதில் வந்தது. ஆறு வயது திமெக் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்தச் சின்னப் பிடியில் கெனெக்கின் நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்னொரு முறை கூப்பிட்டார். இன்னொரு பதில் வந்தது. அதன் வாலில் ஒரு இருமலும் வந்தது.

"மானுக்குச் சளியா தாத்தா?" என்றான் திமெக்.

மிலேனாவோ தாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தோப்புக்குப் பின்னால் இருந்த சரிவிலிருந்து மூன்றாவதாக ஒரு குரல் எழுந்தது. அது காதில் விழுவதற்கு முன்பே வயிற்றில் உறைத்தது. கிளைகள் முறிந்தன. தோப்பை விட்டு ஃபெலிக்ஸ் வெளியே ஓடி வந்தார், கையில் பூவாளியோடு. பாதிப் புல்வெளி வந்ததும் கால் மடங்கி வாய்க்காலில் விழுந்தார். அவருக்குப் பின்னால், கழுத்தெல்லாம் சேறு பூசிய பெரிய கலைமான் ஒன்று தோப்பின் விளிம்பில் வந்து நின்றது. மூச்சு ஆவியாய்ப் பறந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு, இதென்ன கூத்து என்பதுபோல் திரும்பி நடந்து மறைந்தது. பிள்ளைகள் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவர்கள் ஃபெலிக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கெனெக்கின் வாய் தானாகத் திறந்தது. "ஃபெலிக்ஸ், நீ இங்க என்ன பண்றே?"

வாய்க்காலில் கிடந்தபடி ஃபெலிக்ஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்ல, "காளான் பொறுக்க வந்தேன்" என்றார்.

"பூவாளியிலயா?" என்றாள் மிலேனா.

"கூடை கெடைக்கல பாப்பா."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கெனெக் விடவில்லை. "இருட்டுற நேரத்துல, இந்த வயசுல, காட்டுக்குள்ள என்ன வேலை உனக்கு? பிள்ளைங்க பாக்க வந்த மானைக் கலைச்சு விட்டுட்டியே" என்று திட்டினார். குரலை உயர்த்தியே திட்டினார். ஃபெலிக்ஸ் தலையை ஆட்டி, "தப்புதான்" என்றார்.

ஃபெலிக்ஸின் கணுக்கால் வீங்கியிருந்தது. பெயாத்தா கட்டுப் போட்டு அவரை வீட்டில் விட்டு வந்தாள். இரவுச் சாப்பாட்டில், பாலாடைக்கட்டி வைத்த கொழுக்கட்டையைப் பரிமாறிக்கொண்டே, "பாவம் ஃபெலிக்ஸ் மாமா, புத்தி கொஞ்சம் தடுமாறுது போல" என்றாள். கெனெக் தட்டைப் பார்த்தபடி மென்றார்.

பாத்திரம் துடைக்கும்போது மிலேனா பக்கத்தில் வந்து நின்றாள்.

"தாத்தா, ஓநாய் கதையும் அவரோடதா?"

அவர் துணியால் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். "ஆமா."

"எல்லாமுமா?"

"எல்லாமும்தான்."

அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் தட்டை வாங்கி அலமாரியில் அடுக்கினாள். "அவருக்குக் கால் அவ்வளவு வீங்கியிருக்கு. நீ திட்டுனே" என்று மட்டும் சொன்னாள். கெனெக்கின் காது மடல்கள் சுட்டன. இத்தனை வயதில் இப்படி ஒரு குழந்தையின் முன்னால் நிற்க நேரும் என்று அவர் நினைத்ததில்லை.

மறுநாள் தேவாலயத்திலிருந்து வந்ததும், பிளம் கேக்கைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஃபெலிக்ஸின் வீட்டுக்குப் போனார்கள். கேக்கை வைத்த கையோடு கெனெக் சொல்லிவிட்டார். மகள் முன்னால், பேரன் முன்னால், தடுமாறித் தடுமாறி, கத்தச் சொன்னது தான்தான் என்பதையும், கதைகள் யாருடையவை என்பதையும். பெயாத்தா முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"கத்துனதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. கதைய எடுத்துக்கிட்டதுக்கும் ஒண்ணுமில்ல" என்றார் ஃபெலிக்ஸ். "நான் சேத்துல கெடக்கும்போது திட்டுனே பாரு. அதுதான்."

"ஆமா" என்றார் கெனெக்.

திமெக்குக்கு இதெல்லாம் பாதிதான் புரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓநாய் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னான். ஃபெலிக்ஸ் சொன்னார். நடுவில் திமெக் மறித்தான்.

"தாத்தா சொன்னப்போ மூணு ஓநாய் இருந்துச்சே."

"ஒண்ணுதான்டா. அதுவும் ரொம்பத் தூரத்துல."

எல்லாரும் சிரித்தார்கள். ஃபெலிக்ஸும் சிரித்தார். கெனெக் எழுந்து முற்றத்துக்குப் போய், அங்கே கிடந்த விறகைப் பிளக்க ஆரம்பித்தார். ஃபெலிக்ஸின் கால் தரையில் ஊன்றும்வரை அந்த வீட்டு விறகு அவர் பொறுப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் தினமும் போனார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பனி விழும் நாட்களில்தான் ஃபெலிக்ஸ் மறுபடி "டேய்" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வந்தது. என்ன பாத்தே என்று திமெக் கேட்டால், "ஒண்ணும் பாக்கலப்பா, வீட்லதான் இருந்தேன்" என்பார் கெனெக். "அப்போ ஃபெலிக்ஸ் தாத்தாகிட்ட குடு" என்பான் பேரன். கெனெக் கோட்டை மாட்டிக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் போவார். அவர்கள் பேசி முடிக்கும்வரை கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.