பட்டியலில் இல்லாத செலவு

அத்தை இடது பக்கமாகத்தான் மெல்லுவாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். சிலர் இடது கையால் எழுதுவதில்லையா, அதுபோல என்று நினைத்திருந்தேன்.

அப்பாவின் அக்கா அவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. சம்பளக் கவரைப் பிரிக்காமலே அப்பாவிடம் கொடுப்பாள். என் பட்டத்தில் பாதி அந்தக் கவர்கள்.

படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, நான் வீட்டுக்கு ஒரு திட்டம் போட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு ஐந்து பேரும் உட்கார்ந்து அவரவர் தேவையைப் பட்டியலில் எழுதுவது. மற்ற நால்வரில் மூன்று கைகள் உயர்ந்தால் பணம் உண்டு. தோற்றுப்போனதை மூன்று மாதம் மறுபடி கேட்கக்கூடாது. பட்டியலில் இல்லாத எதற்கும் வீடு பொறுப்பில்லை. "படிச்சவன் படிச்சவன்தான்" என்று அப்பா பூரித்துப்போனார்.

ஒரு வருடம் அத்தையின் பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு ஞாயிறு, "பல்லு" என்றாள். வலது பக்கம் இரண்டைப் பிடுங்க வேண்டும். அதே நாள் நான் நேர்காணலுக்கு ஷூ கேட்டிருந்தேன். ஷூவுக்கு முதலில் உயர்ந்தது அத்தையின் கை.

பல்லின் முறை வந்தது.

"இத்தனை வருஷமா ஒரு பக்கத்துலயே ஓட்டிட்ட. அந்தப் பக்கம் ஸ்டெப்னியா கெடக்கட்டும் அத்தை" என்றான் தம்பி.

"அண்ணி என்ன எலும்பா கடிக்கப் போறாங்க?" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தோம். அத்தையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பியின் கை மட்டும் மேலே போனது, தலையைச் சொறிய. என் ஒரு கை உயர்ந்து என்ன ஆகப்போகிறது என்று நான் சும்மா இருந்தேன்.

அடுத்த மாதம் அவள் கன்னம் வீங்கியிருந்தது. "மறுபடி எழுதலாமாப்பா?" என்று என்னிடம் கேட்டாள்.

"மூணு மாசம் ஆகலையே அத்தை."

"ஆமால்ல" என்றாள்.

பத்து நாளில் வீக்கம் தொண்டைக்கு இறங்கியது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள், அவளே இஸ்திரி போட்டிருக்கக்கூடிய விரிப்பில் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் மூச்சு நின்றுவிட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஒரு சீட்டோடு வந்தார். ஒன்றரை வருடமாக அத்தை கடனில் வாங்கிய வலி மாத்திரைகள். தொகை என் ஷூ விலையைவிடக் குறைவு.

"அக்கா இதை எழுதவே இல்லையே" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். "ரூல் என்னப்பா சொல்லுது?"

சொன்னேன்.

இப்போது எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நானே கொடுத்துவிடலாம்தான். ஆனால் கொடுக்கப் போனால், அன்றைக்கு ஏன் கை தூக்கவில்லை என்று எனக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அந்தத் தெருமுனையைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறேன், அதே ஷூவைப் போட்டுக்கொண்டு. சீட்டு இன்னும் அவர் கடையில்தான் இருக்கிறது.