உக்கடத்தில் வாங்கிய ஃபேன்

நம்ப மனமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இது நடந்தது. போன சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், மலுமிச்சம்பட்டியில் நடந்தது. இதில் வரும் நேரங்கள் எதுவும் குத்துமதிப்பு அல்ல. யுவஸ்ரீ எதையும் இரண்டு முறை பார்த்துத்தான் குறித்துக்கொள்வாள். தன் கண்ணையே முழுசாக நம்பாத பெண் அவள்.

பகலில் ஒரு மில் அலுவலகத்தில் வேலை. மாலையில் கார் ஏ.சி. பழுது பார்க்கும் வகுப்பு. அவள் அப்பா பாலுசாமி டாக்சி ஓட்டுகிறார். கிணத்துக்கடவு லட்சுமியம்மாளை வாரம் மூன்று நாள் கோவைக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டிப்போவது அவர்தான். வெள்ளிக்கிழமை லட்சுமியம்மாள் வண்டிக்குள்ளேயே மயங்கிவிட்டார். ஓடும்போது குளிர்ந்த ஏ.சி., சுந்தராபுரம் சிக்னலில் நின்றதும் அனலாக ஊதியது. இன்ஜின் சூட்டு முள்ளும் ஏறியது.

"இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா அம்மா தாங்கமாட்டாங்க. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிருங்க, இல்லாட்டி வேற வண்டி பாத்துக்கறோமுங்க" என்று அவர் மகன் சொல்லிவிட்டார்.

ஓடினால் குளிர்ச்சி, நின்றால் சூடு என்றால் முதலில் முன்பக்க ஃபேனைப் பார் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். காலை 11:20க்குப் பார்த்தாள். சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலேயை மாற்றிப் போட்டாள். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தாள். அசையவில்லை.

"மோட்டாரே போச்சுங்கப்பா."

சொல்லிவிட்டு, சந்தேகம் வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒருமுறை பார்த்தாள். மோட்டார்தான்.

1:10க்கு உக்கடம் பழைய சாமான் கடையில் இருந்தார்கள். கடைக்காரர் ஷாஹுல், பாலுசாமிக்குப் பல வருடப் பழக்கம்.

"என்னங்ணா, மெக்கானிக்கையும் கையோட கூட்டியாந்துட்டீங்க. இனி நான் பொய் சொல்லிப் பொழைக்க முடியாது போல."

பழைய சாமான் வாங்கும் டாக்சிக்காரர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். பாலுசாமியும் அதையே கேட்டார்.

"அடிபட்ட வண்டியில கழட்டுனதா?"

"சத்தியமா இல்லீங்ணா. வண்டியில ஒரு கீறல் கெடையாது. சும்மா நின்ன வண்டிங்ணா."

அது போதும். வேறு எதையும் யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி, 3:05க்கு ஃபேனைப் பொருத்தி முடித்தாள். ஏ.சி. போட்டதும் கர்ர்ர்... என்று சுற்றியது. காற்று வரும் துவாரத்தில் வெப்பமானியைச் செருகினாள். ஒன்பது டிகிரி. நின்ற வண்டியில் ஒன்பது. பாலுசாமி சிரித்தார்.

3:20க்கு நாற்றம் வந்தது.

முதலில் தேங்காய் மட்டை ஊறின தண்ணீர் மாதிரி. பிறகு காறிப்போன எண்ணெய். அதற்கடியில் ஏதோ ஒரு தித்திப்பு. அந்தத் தித்திப்புதான் தொண்டையைப் பிடித்தது. பாலுசாமி வாசலுக்கு ஓடிப்போய் ஓங்கரித்தார்.

"எலி செத்துருக்குது கண்ணு. ஃபில்டரைப் பாரு."

டாஷ்போர்டுக்குள் இருந்த ஏ.சி. ஃபில்டரை உருவினாள். இரண்டு மாதம் முன்பு அவளே புதிதாகப் போட்டது. இப்போது கனத்தது. மடிப்புக்கு மடிப்பு மஞ்சளாகக் கொழுப்பு. அதில் ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கூடுகள். ஈப்புழு ஈயாகிப் பறந்தபின் விட்டுப்போகும் கூடுகள். நாற்பது வரை எண்ணினாள். எலி இல்லை. எலும்பு இல்லை. முடி இருந்தது. மனுச முடி. குட்டையாக, நரைத்து.

தூக்கி எறிந்துவிட்டுச் சோப்புப் போட்டு நான்குமுறை கை கழுவினாள். நகக்கண்ணில் தித்திப்பு போகவில்லை.

அவளுக்குப் புரியாதது ஒன்றுதான். அவள் மாற்றியது முன்பக்க ஃபேன். அந்தக் காற்று இன்ஜின் பக்கம் போகும். வண்டிக்குள் வரவே வராது. அப்படியென்றால் இந்த அழுக்கு எங்கிருந்து வந்தது? நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று நினைத்தாள். எப்போதும் அப்படித்தான் நினைப்பாள்.

4:02. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே தனியாக உட்கார்ந்தாள். பதினைந்து நிமிடம் நின்றபடி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பாலுசாமி டீ வாங்கப் போனார்.

ஒன்பது டிகிரி. ஃபேன் நின்றால் நாற்றம் இல்லை. கர்ர்ர்... என்று பிடித்தால் நாற்றம். இரண்டு முறை கவனித்தாள். மூன்றாவது முறையும் அப்படியே.

ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் பனி படர்ந்தது. துடைத்தாள். பனி இல்லை. கொழுப்பு. பிசுபிசுவென்று விரலோடு வந்தது.

துடைத்த இடத்தில் மறுபடி படர்ந்தது. ஒரு கன்னம் அழுந்திய மாதிரி. உள்பக்கம்.

நான் சாய்ந்திருப்பேனோ...

ஏழு டிகிரி. நான்கு.

துவாரத்திலிருந்து ஒரு சொட்டு மணிக்கட்டில் விழுந்தது. தண்ணீர் மாதிரி ஓடவில்லை. அப்படியே நின்றது.

சீட் கழுத்தில் ஒட்டியது. நிமிர்ந்தாள். தோல் உரிவது போல் பிரிந்தது.

இரண்டு டிகிரி.

அப்போதுதான் இன்ஜின் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தாள். இன்ஜின் ஓடவில்லை.

சாவி ஆஃபில் இருந்தது.

கர்ர்ர்...

இறங்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் தூக்கம் வந்தது. சுகமான தூக்கம்.

டக்.

சீட் தானாகப் பின்னால் சாய்ந்தது.

கொஞ்ச நேரம்தானே...

"அம்மணி. அம்மணி... கதவைத் தொறடா."

கதவு திறந்தபோது 4:31. இருபது நிமிடமாகத் தட்டியதாகப் பாலுசாமி சொன்னார். அவள் இரண்டு நிமிடம் என்று நினைத்திருந்தாள். அவர் ஃபேனின் ஒயரைப் பிடுங்கினார். நிற்கவில்லை. பேட்டரி முனையைக் கழற்றினார். நிற்கவில்லை. 4:36க்கு, தானாக நின்றது.

"கழட்டு" என்றார். அவ்வளவுதான்.

உக்கடம் போகும் வழியில் மெதுவாகச் சொன்னார். "கடையில ஒண்ணும் சொல்லாத கண்ணு. சொன்னா மாத்தித் தரமாட்டாங்க. நாளைக்கு ட்ரிப் இருக்குது."

அவளுக்கும் என்னவென்று சொல்வதெனத் தெரியவில்லை. தூங்கிப்போனேன் என்றா? நாற்றம் என்றா? அதற்குள் எல்லாம் தன் கற்பனையோ என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

"அளவு பொருந்தலீங்ணா" என்றாள்.

ஷாஹுல் சிரித்தார். "கிளாசுல அளவெடுக்கச் சொல்லித் தரலீங்களா?" இன்னொரு ஃபேனை எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஏ.சி. எட்டு டிகிரி காட்டியது. நாற்றம் இல்லை. லட்சுமியம்மாள் சால்வை போர்த்திக்கொண்டு கோவை வரை பேசிக்கொண்டே வந்தார். அவருடைய மகன் வேறு வண்டி பற்றிப் பேசவே இல்லை.

யுவஸ்ரீக்குத்தான் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை மாலை வகுப்புக்குப் போகாமல் உக்கடம் போனாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். ஷாஹுல் சிரிக்கவில்லை.

"அடிபட்ட வண்டியான்னு கேட்டீங்க. இல்லைன்னேன். அது நெசந்தானுங்க அம்மணி."

அதற்கு முந்தைய சித்திரையில், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. வெயிலுக்கு ஒரு டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். எழவில்லை. எட்டாவது நாள்தான் பார்த்தார்களாம். டீசலும் தீர்ந்து, பேட்டரியும் செத்துக் கிடந்த வண்டி.

"எட்டு நாள் சித்திரை வெயிலுங்க. ஆனா கதவைத் தொறந்தப்போ உள்ள ஐஸ் மாதிரி இருந்துச்சுன்னாங்க. நான் நம்பலீங்க. சாமானைக் கழட்டி வித்துட்டேன்."

"அந்த ஃபேனைக் குடுங்ணா. நான் காசு குடுத்துடறேன். ஒடைச்சுப் போட்டுறலாம்."

ஷாஹுல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க பொருந்தலைன்னுதானுங்க சொன்னீங்க. நேத்துதான் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு. பேர் தெரியல. பள்ளிக்கூடத்துக்குப் புள்ளைங்கள ஏத்தறவராமுங்க. எட்டுப் புள்ளைங்க. ஏ.சி. பத்தலைன்னு அழுவுதுங்கன்னு சொன்னாரு."