சர்க்கார் நாக்கு

சுண்டுவிரலால் உப்பைத் துளி தொட்டு நாக்கின் நுனியில் வைக்கிறார். கண்ணை மூடுகிறார். "மண்ணு உப்பு" என்கிறார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொள்கிறார். முனை வீட்டு விதவைக்கு ஆறு மாதம் சிறை நிச்சயமாகிவிட்டது.

உப்பு எடுக்கவும் விற்கவும் கடல் தாண்டி வந்து ஆளும் சர்க்காருக்கு மட்டுமே உரிமை. அவர்கள் வைத்ததுதான் விலை. கட்டுப்படியாகாதவர்கள் உவர்மண்ணைக் கரைத்து, வடிகட்டி, ரகசியமாகக் காய்ச்சிக்கொள்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அப்படிக் காய்ச்சிய மண்ணு உப்பில் அடிநாக்கில் தங்கும் இலேசான கசப்பு ஒன்று உண்டு. உப்பு இலாகாவில் அதைக் கண்டுபிடிக்கிறவர் இவர் ஒருவரே. ஊருக்கு இவர் நாக்குக்காரர்.

அந்த நாக்கைத் தாங்கு தாங்கென்று தாங்குவார். புகையிலை கிடையாது. சூடாக எதையும் குடிப்பதில்லை. வெளியே எங்கும் கை நனைப்பதும் இல்லை. "என் வீட்டுக்காரி கைப்பக்குவம் யாருக்கு வரும்? பதினேழு வருஷமா அந்தச் சாப்பாட்டுலதான் இந்த நாக்கு நிக்குது" என்று ஆபீசில் எல்லோர் காதும் புளிக்கச் சொல்லியிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் இன்று தெருவில் ஒரு வீட்டையும் விடுவதாக இல்லை. "உங்க வீடும்தான்யா. தப்பா நினைச்சுக்காதீங்க."

"தாராளமா பாருங்க சார்." நாக்குக்காரரே கதவைத் தள்ளித் திறந்தார். இன்ஸ்பெக்டர் முன்னறையில் மூட்டைகளைக் கிளற, இவர் சமையலறைக்குள் போனார். தன் வீட்டு உப்புச் சட்டியை அவர் தொட்டதே இல்லை. சும்மா பேருக்கு விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

அடிநாக்கில் கசந்தது. மறுபடி தொட்டு வைத்தார். அதே கசப்பு.

"எத்தனை நாளா?" முன்னறைக்குக் கேட்காதபடி மனைவியிடம் கேட்டார்.

அவள் அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து. உங்க சம்பளத்துக்கு சர்க்கார் உப்பு வாங்க முடியுமா?"

ஊரையே பிடித்துக்கொடுத்த நாக்கு, கைப்பக்குவம் என்று பதினேழு வருடம் சப்புக்கொட்டியது இந்தக் கசப்பைத்தான். சற்றுமுன் அந்த விதவை அழக்கூடத் தோன்றாமல் வண்டியில் ஏறினாள். அதே வண்டி வாசலில்தான் நிற்கிறது.

"என்னய்யா, என்ன உப்பு?" நிலைப்படியில் நின்று இன்ஸ்பெக்டர் சட்டிக்குக் கையை நீட்டினார்.

நாக்குக்காரர் வாயைத் திறந்தார். சட்டியைத் தூக்கி, பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் அப்படியே கவிழ்த்தார்.