அந்தரம் என்றொரு நாய்

அம்மாவின் கடைசித் தம்பியான சின்ன மாமாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. என் நாய்க்கு நான் வைத்த பெயர் ராஜா. கிழமைக்கணக்கில் யோசித்து வைத்தது. மாமா அதை ஒரே நாளில் அழித்துவிட்டார்.

குண்டுபோட விமானம் வந்தால், எங்கள் காதில் சத்தம் விழ முன்னமே நாய் வளவு மூலையிலிருந்த பதுங்குகுழிக்குள் பாய்ந்துவிடும். நாங்கள் விழுந்தடித்து இறங்கும்போது, உள்ளே நல்ல இடமாகப் பிடித்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கும்.

“ராஜாவாம் ராஜா! உவருக்கு அந்தரம் எண்டு பேர் வையுங்கோ,” என்றார் மாமா. பதறி அவசரப்படுவதைத்தான் எங்களூரில் அந்தரப்படுவது என்போம். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். அதோடு என் ராஜா போயிற்று.

அத்துடன் விட்டாரா மனுசன்? சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், வாயைக் குவித்து விமானம் மாதிரி இரைவார். நாய் தலைதெறிக்கக் குழிக்குள் ஓடும். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

“மாமா, வேண்டாம், பாவம்!” என்று கத்துவேன்.

“இஞ்சை பாருங்கோ, இவவும் அந்தரப்படுறா,” என்பார். அதற்கும் ஒரு சிரிப்பு. அந்த வாயைக் கோணி ஊசியால் தைத்துவிட வேண்டும்போல இருக்கும் எனக்கு.

நாய் ஒன்றும் மடையன் இல்லை. போகப்போக அதற்கு அலுத்துவிட்டது. மாமா எவ்வளவு இரைந்தாலும் படுத்தபடியே வாலை ஆட்டத் தொடங்கியது.

ஒரு மத்தியானம் விமானம் உண்மையாகவே வந்தது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். பின்னால் மாமா. உள்ளே நாயைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். அது முற்றத்தில் நின்று எங்களைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

“உங்களாலைதான்! எல்லாம் உங்களாலைதான்!” என்று மாமாவின் நெஞ்சில் குத்தினேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினார்.

“டேய் தம்பி, போகாதையடா!” என்று அம்மா கத்திக் குழறினார்.

எங்கேயோ குண்டு விழுந்து நிலம் அதிர்ந்தது. தலையில் மண் கொட்டியது. மாமா நாயோடு வந்து உள்ளே விழுந்தார். நான் அதைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டேன். நாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை. மாமாவின் கையைப் பிடித்துக் கடித்தேன்.

அவர் கையை இழுக்கவில்லை. ‘ஆ’ என்றுகூடச் சொல்லவில்லை. கை மட்டும் நடுங்கிக்கொண்டேயிருந்தது. நோவில்தான் நடுங்குகிறது என்று நினைத்து, இன்னும் நன்றாகப் பல்லைப் பதித்தேன்.