துவக்குக்குப் போட்ட நகைகள்

சுடத் தெரிய முன்னமே துவக்குக்கு நகை செய்து போட்ட மடையன் நான். மொன்றியலில் இன்னொருவன் இருந்தால் கையைத் தூக்கட்டும், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அழலாம்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. நாங்கள் அஹுன்ட்சிக்கில் மூன்றாம் மாடியில் இருந்தோம். மனைவியின் தம்பி லவாலில் ஒரு சுடும் கிளப்பில் சேர்ந்து, இரண்டே வருடத்தில் மூன்று வெற்றிக் கிண்ணங்களை வாங்கிவிட்டான். பிறந்தநாள், சாமத்தியவீடு, எங்கே போனாலும் அவனுடைய கிண்ணக் கதைதான். என் கையில் எப்போதும் இருந்த ஒரே கிண்ணத்தில் ரசம் இருந்தது. பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், விளையாட்டில் ஆர்வம் என்று சொல்லி, வகுப்பு, பரீட்சை, பொலிஸ் விசாரணை எல்லாம் தாண்டி உரிமம் எடுத்தேன். ஒரு செமி ஆட்டோமாட்டிக் பிஸ்டலும் வாங்கி, மச்சானுடைய கிளப்பிலேயே சேர்ந்தேன்.

"ஊரில துவக்கைக் கண்டு ஓடி வந்த மனுசன், இங்கை அதைப் பெட்டிக்குள்ள பூட்டி வைச்சுக் காவல் இருக்கிறார்," என்று மனைவி தொலைபேசியில் யாருக்கோ சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்.

நான் இடக்கைக்காரன். பிஸ்டலோ வலக்கைக்காரருக்குச் செய்தது. வெடிக்காமல் பூட்டும் சேஃப்டி நெம்பு, தோட்டா அடைத்த மகசீனைக் கழற்றும் பொத்தான், மேல் ஸ்லைட்டை நிறுத்தும் நெம்பு எல்லாமே இடது பக்கத்தில், வலது பெருவிரலுக்கு வசதியாக இருந்தன. நான் சுடுவது இடக்கையால். ஆகவே ஒவ்வொரு முறையும் பிஸ்டலை வலக்கைக்கு மாற்றிப் பொத்தானை அமத்தி, திரும்பவும் இடக்கைக்கு மாற்றுவேன். ஒருநாள் அப்படி மாற்றும்போது குழாயின் வாய் பக்கத்து மேசைக்காரரின் வயிற்றைப் பார்த்தது. பிஸ்டல் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வயிற்றுக்கு அது தெரியாதே.

மேற்பார்வையாளர் வெள்ளைத் தாடிக்காரர். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து அவர் கத்தியதன் சாரம் இதுதான்: அடுத்த வாரம் கையாளும் பரீட்சை வைப்பேன், அதில் இன்னொரு பிழை விட்டால் கிளப் அட்டை போகும். அட்டை போனால் பிஸ்டலும் போகும், ஏனென்றால் கிளப்பில் இல்லாதவன் அதை வைத்திருக்க முடியாது. என்னைச் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் மச்சான். அவனுடைய முகம் காரில் ஏறும்போதே கறுத்திருந்தது.

"அத்தான், ஒரு விசயம் கேக்கட்டே?"

"கேள்."

"உங்களுக்குக் கேரம் போர்ட் போதாதே?"

மரியாதை குறையாமல் மனிதனைக் கொல்வதில் யாழ்ப்பாணத்து மைத்துனர்களுக்கு நிகர் இல்லை.

அன்றிரவு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பிழை என்னில் இல்லை, சாமானில். பிஸ்டலுக்குத் தனியாக விற்கும் உதிரிப்பாகங்களின் விலைப்பட்டியல் புத்தகம் ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துவந்து சமையல் மேசையில் விரித்தேன். இரண்டு பக்கமும் நெம்பு உள்ள சேஃப்டி. நீளமான ஸ்லைட் நெம்பு. பெரிய மகசீன் பொத்தான். அந்தப் பொத்தானிலேயே சாதாரணம், பெரிது, மிகப் பெரிது என்று மூன்று வகை. வெள்ளி நிறமா கறுப்பா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனைவிக்குச் சேலை எடுக்கப் போனால் கால் மணித்தியாலத்தில் கொட்டாவி விடுகிற ஆள் நான்.

மச்சான் வந்து விரித்திருந்த பக்கத்தைப் பார்த்தான்.

"சேஃப்டியை மட்டும் போடுங்கோ. இடக்கைக்கு அது தேவை. மற்றதைத் தொடாதேங்கோ."

"பொத்தான் பெரிசெண்டால் லேசா அமத்தலாம்தானே?"

"அது வலக்கைக்காரன்ர பெருவிரலுக்குச் செய்தது. நீங்கள் இடக்கையால பிடிச்சால் உங்கட ஆட்காட்டி விரலின்ர அடி அதிலதான் வந்து குந்தும். இருக்கிற பொத்தானை விரலால அமத்திப் பழகுங்கோ. பழகிறதுக்குச் சாமான் விக்கிறேல்லை."

"உனக்கு நான் வெண்டிடுவன் எண்டு பயம்."

அவன் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனான். "அவன் சொன்னால் கேளுங்கோவன்," என்றாள் மனைவி. நான் மிகப் பெரிய பொத்தானைத்தான் வாங்கினேன், வெள்ளி நிறத்தில். கடைக்காரரே பொருத்திக் கொடுத்தார். வலக்கையா இடக்கையா என்று அவர் கேட்டார். இடக்கை என்று சொன்னால் விற்கமாட்டாரோ என்ற சந்தேகத்தில், "இரண்டும்," என்றேன்.

பரீட்சை நாள். ஐந்து வெடி, மகசீன் மாற்று, மறுபடி ஐந்து வெடி. அவ்வளவுதான். மேற்பார்வையாளர் எனக்குப் பின்னால், மச்சான் அவருக்குப் பக்கத்தில். மச்சான் அன்றைய தன் புள்ளி அட்டையில் பேனையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நின்றான். முதல் வெடி நல்லாய்ப் போனது. இரண்டாவது வட்டத்துக்குள்ளேயே விழுந்தது. என்ன நினைத்தேனோ, பிடியை இன்னும் இறுக்கினேன்.

டக்.

மகசீன் கழன்று தரையில் விழுந்தது. மச்சான் சொன்ன அதே விரலின் அடி, அதே பொத்தான். பதறி ஒரு அடி பின்வைத்தேன், என் சப்பாத்து நேராக அந்த மகசீனின் மேல் ஏறியது.

கால் பட்டுவிட்டது! ஆயுத பூசைக்குக் கத்தரிக்கோலையும் சுத்தியலையும் கழுவிப் பொட்டு வைத்துக் கும்பிட்ட வீட்டில் வளர்ந்தவன் நான். புத்தகத்தில் கால் பட்டாலே கை தானாகப் போகும். அன்றும் போனது. குனிந்து, வலக்கையால் மகசீனைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். இதெல்லாம் நடந்தபோது இடக்கையில் பிஸ்டல் இருந்தது. மகசீன் கழன்றாலும், குழாய்க்குள் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா அதற்குள் இன்னும் இருந்தது. குனிந்த வேகத்தில் அதன் வாய் பின்பக்கம் திரும்பி, மேற்பார்வையாளரின் முழங்காலைப் பார்த்தது.

காதுமூடியையும் துளைத்துக்கொண்டு வந்தது அவருடைய குரல். இரண்டு மொழியிலும் நிறுத்து என்றார். மூன்றாவதாக ஒன்று சொன்னார், அது தேவாலயச் சாமான்களின் பெயர்களால் திட்டும் கியூபெக் வழக்கு. வரிசை முழுக்க வெடி நின்றது. பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினேன். அவரே வந்து அதை வெறுமையாக்கினார்.

"உன் கண்ணில் என்ன?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை. மரியாதை."

அவர் மச்சானிடம் திரும்பி, "இவன் என்ன செய்தான்?" என்றார்.

மச்சானுக்குத் தெரியும். அவன் வீட்டிலும் அதே பூசை, அதே பொட்டு. "எனக்கு விளங்கேல்லை," என்று சுத்தமான பிரெஞ்சில் சொன்னான்.

நானே எனக்கு இருந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். கால் படக்கூடாது, பட்டால் மன்னிப்புக் கேட்கவேண்டும். தாடிக்காரர் முழுக்கக் கேட்டார். பிறகு, "துவக்குக்கு மரியாதை என்றால் வாயை இலக்குப் பக்கம் வைத்திரு. என் முழங்காலிடம் யார் மன்னிப்புக் கேட்பது?" என்றார். நான் குனியப் பார்த்தேன். "குனியாதே!" என்று பின்னால் துள்ளினார்.

என் அட்டையை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டார். அந்தப் பெரிய பொத்தானைக் கழற்றிவிட்டு அடுத்த மாதம் வரலாம், கடைசித் தடவை என்றார். ஆனால் ஒரு நிபந்தனை: என்னைச் சேர்த்துவிட்டவர் எனக்காக மறுபடியும் கையெழுத்துப் போடவேண்டும், இப்போதே, இந்தத் தாளில். இல்லாவிட்டால் இன்றோடு நான் கிளப்பில் இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு மச்சானிடம் போனேன். என் வயதுக்கும் உறவு முறைக்கும் இல்லாத பணிவோடு நின்றேன்.

"மச்சான், நீ சொன்னதுதான் சரி. நான் கேக்கேல்லை. ஒரேயொரு கையெழுத்து. இனி உன்ர சொல்லுக்கு மறுசொல் இல்லை."

அவன் கையில் இருந்த பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகினான்.

"மை முடிஞ்சுது, அத்தான்."