ஆறு மணி மாத்திரை

சீருடை தைக்கும் கூடத்தில் அவளைக் கட்டிங் அக்கா என்பார்கள். நாற்பது துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கட்டிங் மெஷினை ஓட்டினால் மேல் துணிக்கும் அடித் துணிக்கும் நூலளவு வித்தியாசம் இருக்காது. வீட்டில் அவள் பெயர் தூங்குமூஞ்சி. வைத்தவர் புருஷன்.

வைத்ததில் தப்பில்லை. ஒரு ராத்திரி பக்கத்து வீட்டில் திருடன் புகுந்து, துரத்திய கூட்டம் செருப்பை உதறிவிட்டு ஓடி, தெருவே அமர்க்களப்பட்டும் அசையாமல் தூங்கி, சாவகாசமாகக் காலையில் எழுந்துவந்து, "நம்ம வாசல்ல யாரு இத்தனை செருப்பை விட்டுட்டுப் போனது?" என்று கேட்ட புண்ணியவதி அவள்.

தைராய்டு குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் காபி என்றார். இவளாவது, எழுந்து போடுவதாவது! அந்த வேலையைப் புருஷன் எடுத்துக்கொண்டார். பஸ் டிப்போவில் டைம்கீப்பர் அவர். நேரம் தவறினால் சோறு இறங்காத மனுஷன். டாண் என்று ஆறு மணிக்கு உள்ளங்கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீர் டம்ளருமாகக் கட்டிலருகே நிற்பார்.

"இன்னும் அஞ்சு நிமிஷங்க" என்பாள், கண்ணைத் திறக்காமல்.

"சரி, அஞ்சு நிமிஷம்" என்று அப்படியே நிற்பார். போய் வேறு வேலை பார்க்கலாம் அல்லவா? மாட்டார். பதினோரு வருஷம் அப்படி நின்றார். அந்த ஐந்து நிமிஷத் தூக்கம் மாதிரி ஒரு சுகத்தை அவள் அப்புறம் கண்டதில்லை.

போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். எழுப்ப ஆளில்லை என்று அலாரம் வாங்கினாள். ஐந்து மணிக்கே எழுந்து, கைப்பையிலிருந்த டப்பாவைத் திறந்து தானே போட்டுக்கொண்டு மறுபடி படுக்கப் பழகினாள்.

நான்கு மாதம் முன்பு, லிஃப்ட் மெக்கானிக்கான மகன், அம்மாவைத் தனியாக விடக்கூடாது என்று மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தான். வந்த மறுநாளே ஆறு மணிக்கு, அம்மாவாவது எழுந்து போடுவதாவது என்று, தானே வாங்கிவந்த டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றான். அதே நிற்பு, அதே கை. ஏற்கெனவே போட்டாயிற்று என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. கடுகளவு மாத்திரை, என்ன செய்துவிடப்போகிறது என்று வாங்கி விழுங்கினாள். மறுநாளும் அப்படியே. பிறகு தினமும்.

கடுகு தன் வேலையைக் காட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, தூங்குமூஞ்சிக்குத் தூக்கம் சுத்தமாகப் போயிற்று. சூடான பால், வெந்நீர்க் குளியல், போனில் வந்த மூச்சுப் பயிற்சி, எதற்கும் அது மசியவில்லை. கை வேறு நடுங்கிற்று. ஒருநாள் மெஷின் கோட்டை விட்டு விலகி, நாற்பது சட்டைத் துணியும் பாழ்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க பட்டன் தைக்கிற பக்கம் போயிடுங்கக்கா. எனக்கு வேற வழியில்ல" என்றார் சூப்பர்வைசர். இருபத்தாறு வருஷமாக நின்ற மேஜை. துணிமூட்டைகளுக்குப் பின்னால் போய் அழுதாள்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா, ரெண்டு மடங்கா போடறீங்களா?"

மகன் வெளியே உட்கார்ந்திருந்தான். உள்ளதைச் சொன்னாள்.

"போட்டாச்சுன்னு பையன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்க அப்பா மாதிரியே நிக்கிறான் டாக்டர்."

டாக்டரம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "இப்படியே போனா இதயத்துக்கு ஆபத்தும்மா. ஒண்ணே ஒண்ணுதான். யார் கையால போடறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. தூக்கம் திரும்ப மூணு நாலு வாரம் ஆகும், பொறுத்துக்கோங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பை டப்பாவை மகனிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். "சொல்றதுக்கு என்னம்மா கேடு?" என்று கத்தியவன், அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. அலாரம் அலமாரிக்குள் போயிற்று.

மூன்று வாரம் பழைய கதைதான். மேஜையில் பத்துப் பத்துத் துணியாக, பயந்து பயந்து வெட்டி ஒப்பேற்றினாள். ஐந்தாவது வாரத்தில் ஒருநாள், ஆறு மணிக்கு மகன் வந்தபோது அம்மா அசையவே இல்லை. பதறிப்போய்த் தோளைத் தொட்டான்.

"அம்மா, மாத்திரை."

"இன்னும் அஞ்சு நிமிஷங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

எங்கோ இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்காக அவனுக்கு மூன்று தடவை போன் வந்துவிட்டது.

"சரி, அஞ்சு நிமிஷம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, டம்ளரோடு அப்படியே நின்றான்.